முதுகு ஊசியில் எந்த மருந்து? பிரசவ வலிக்கான எபிடூரல் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

ஏழாம் மாதம் முடியும் சமயத்தில் அம்மாவோடு என்னைப் பார்க்க வந்த ஒரு பெண், நாற்காலியில் உட்காரும்போதே சொன்னார்: "எனக்கு ரோபிவகெயின்தான் போடணும் டாக்டர். புபிவகெயின் போட்டா இதயம் நின்னுடும்னு படிச்சேன்." அவருடைய அம்மா உடனே, "எனக்கு அந்த முதுகு ஊசியே வேண்டாம்னு தோணுதும்மா, போட்டா ஆயுசுக்கும் முதுகு வலிக்குமாமே" என்றார். மகள் சொன்ன இரண்டும் நரம்பை மரக்கச் செய்யும் மருந்துகள். இரண்டு பேரின் பயத்துக்கும் காரணம் உண்டு, அதைச் சொல்கிறேன். ஆனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இரண்டு பேரிடமிருந்தும் வரவில்லை: மருந்து எத்தனை சதவீதம்?

நான் மயக்க மருந்து டாக்டர். பிரசவ வார்டில் எபிடூரல் போடுவதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இதைப் பிரசவத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் எழுதுகிறேன், நடுவில் கொஞ்சம் கணக்கு வரும், அது இப்போதுதான் லேபர் ரூம் டியூட்டிக்கு வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கும் உதவும். மருந்தின் பெயரை வைத்து ஒப்பிடுவது கடைசி வேலை. அதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை மூன்று: எவ்வளவு நீர்த்துப் போடுகிறார்கள், கூட என்ன கலக்கிறார்கள், எந்த முறையில் கொடுக்கிறார்கள்.

மருந்து எங்கே போய் என்ன செய்கிறது

கீழ் முதுகில் இரண்டு எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, தண்டுவடத்தைச் சுற்றியிருக்கும் உறைக்கு வெளியே ஒரு மெல்லிய டியூபை வைத்துவிட்டு ஊசியை எடுத்துவிடுவோம். முதுகில் ஊசி தங்கியிருப்பதில்லை, நூல் மாதிரி ஒரு டியூப் மட்டும்தான். அதன் வழியாகப் போகும் மருந்து, அந்த இடத்திலிருந்து வெளியே வரும் நரம்பு வேர்களை நனைக்கிறது. கர்ப்பப்பை சுருங்கும் வலி தொப்புள் மட்டத்துக்கும் தொடை மடிப்புக்கும் இடைப்பட்ட நரம்புகள் வழியாகவும், குழந்தையின் தலை இறங்கி வரும்போது ஏற்படும் வலி அதற்கும் கீழே, உட்காரும் இடத்துக்கான நரம்புகள் வழியாகவும் மேலே போகும். அதனால்தான் முதலில் நன்றாக வேலை செய்த மருந்து, கடைசி ஒரு மணி நேரத்தில் போதாததுபோலத் தோன்றும். மருந்து கெட்டுப்போய்விடவில்லை, வலி வரும் பாதை மாறியிருக்கிறது.

வலியைச் சுமக்கும் நரம்பு இழைகள் மெல்லியவை. காலை அசைக்கும் இழைகள் தடித்தவை. நீர்த்த மருந்து மெல்லிய இழைகளை அடக்கிவிடும், தடித்தவற்றைப் பெரும்பாலும் விட்டுவிடும். அதே மருந்தைக் கெட்டியாகப் போட்டால் எல்லாமே மரத்துப்போகும், கால் கட்டைபோல ஆகும், முக்கச் சொன்னால் எங்கே முக்குவது என்றே தெரியாது. "என் அக்காவுக்குப் போட்டப்போ இடுப்புக்குக் கீழே ஒண்ணுமே தெரியலையாம், கடைசியில ஆயுதம் போட்டுத்தான் எடுத்தாங்களாம்" என்று ஒருவர் சொன்னால், எந்த மருந்து என்று கேட்பதற்கு முன்னால் எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று கேட்க வேண்டும்.

சதவீதத்தை மில்லிகிராமாக மாற்றிப் பாருங்கள்

இது சுலபம். 1 சதவீத மருந்து என்றால் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம். 0.5 சதவீதம் என்றால் ஒரு மில்லியில் 5, 0.25 சதவீதம் என்றால் 2.5, 0.1 சதவீதம் என்றால் ஒரே ஒரு மில்லிகிராம். அப்படியானால் 0.1 சதவீத புபிவகெயின் 10 மில்லி போட்டால் உடம்புக்குள் போவது 10 மில்லிகிராம், 0.25 சதவீதத்தில் அதே 10 மில்லி போட்டால் 25 மில்லிகிராம்.

இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பயத்தைப் பார்ப்போம். புபிவகெயின் 1957-இல் ஸ்வீடனில் உருவாக்கப்பட்டது. நீண்ட நேரம் வேலை செய்கிறது என்பதால் பிரசவத்துக்கு மிகவும் பொருந்தி, வேகமாகப் பரவியது. 1979-இல் அமெரிக்க மயக்கவியல் இதழ் ஒன்றில் ஜார்ஜ் ஆல்பிரைட் என்ற மருத்துவர், இந்த மருந்து தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போனால் இதயம் நின்றுவிடக்கூடும், நின்ற இதயத்தை மீட்பதும் கடினம் என்று எச்சரித்து எழுதினார். 1984-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம், 0.75 சதவீத புபிவகெயினைப் பிரசவப் பெண்களுக்கு எபிடூரலாகப் போட வேண்டாம் என்று அறிவித்தது. 0.75 சதவீதத்தில் 20 மில்லி என்றால் 150 மில்லிகிராம். கர்ப்ப காலத்தில் எபிடூரல் இடத்தில் இருக்கும் ரத்தக் குழாய்கள் புடைத்திருக்கும், டியூப் அவற்றில் ஒன்றுக்குள் போக வாய்ப்பு அதிகம், அங்கே ஒரே தடவையில் 150 மில்லிகிராம் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இன்று வலி குறைக்க நாம் ஒரு தடவைக்குப் போடுவது அதில் பதினைந்தில் ஒரு பங்கு, அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். அந்தப் பெண் படித்தது பொய்யில்லை, அந்த மரணங்கள் நடந்தவை, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அது வேறு அளவின் கதை.

பெயருக்குப் பெயர் ஒப்பிட்டால்

அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் இதயத்துக்குப் பாதுகாப்பான மருந்தைத் தேடினார்கள். நம் வலது கையும் இடது கையும் ஒரே அச்சில் இருந்தாலும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாது அல்லவா, அதுபோல புபிவகெயினில் இரண்டு வடிவ மூலக்கூறுகள் சரிபாதி கலந்திருக்கின்றன. இதயத்தை அதிகம் பாதிப்பது வலது வடிவம். இடது வடிவத்தை மட்டும் பிரித்து எடுத்ததுதான் லெவோபுபிவகெயின். ரோபிவகெயினும் இடது வடிவம் மட்டுமே உள்ள மருந்து, கட்டமைப்பில் சின்ன மாற்றத்தோடு. அமெரிக்காவில் ரோபிவகெயினுக்கு 1996-இலும் லெவோபுபிவகெயினுக்கு 1999-இலும் அனுமதி கிடைத்தது.

"ரோபிவகெயின் கால் பலத்தைக் குறைக்காது" என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பார்கள். பாதி சரி. 1999-இல் வெளிவந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள், பிரசவ எபிடூரலில் ரோபிவகெயினின் வீரியம் புபிவகெயினில் ஏறக்குறைய 60 சதவீதம்தான் என்று கண்டன. அதாவது 0.1 சதவீத ரோபிவகெயின் செய்யும் வேலையை 0.06 சதவீத புபிவகெயின் செய்துவிடும். இரண்டையும் 0.1 சதவீதத்தில் போட்டு ரோபிவகெயினில் கால் நன்றாக அசைகிறது என்று சொல்வது, ஒரு கடையில் பெரிய படியிலும் இன்னொரு கடையில் சின்னப் படியிலும் அரிசி அளந்துவிட்டு விலையை ஒப்பிடுவது போல. வீரியத்தைச் சமன் செய்து பார்த்தால் கால் பலவீனத்தில் இருக்கும் வித்தியாசம் சிறியது. சுகப்பிரசவமா, ஆயுதமா, சிசேரியனா என்பதில் மருந்தின் பெயரால் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. லெவோபுபிவகெயினின் வீரியம் புபிவகெயினுக்கு ஏறக்குறைய சமம், அதனால் அதற்கு இந்தக் கணக்கு தேவைப்படாது.

அதற்காக ரோபிவகெயின் வேண்டாம் என்று சொல்லவில்லை. வலி மணிக்கணக்கில் நீண்டு, மருந்தும் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் நிலையில், அல்லது அதே டியூபில் பெரிய அளவு போட்டு சிசேரியன் செய்யும் நிலையில், இதயத்துக்குச் சற்றுக் கூடுதலான பாதுகாப்பு நல்லதுதான். விலை கொஞ்சம் கூடும். உங்கள் மருத்துவமனையில் எது வழக்கமோ, எதை அங்குள்ள நர்ஸ்களும் டாக்டர்களும் தினமும் கையாண்டு பழகியிருக்கிறார்களோ, அதுவே உங்களுக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து. பழக்கமில்லாத மருந்தை ஒருவர் வற்புறுத்துகிறார் என்பதற்காக நடு இரவில் கலக்கும்போதுதான் தவறு நடக்கும்.

சதவீதம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல சான்று 2001-இல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வு. முதல் பிரசவத்துக்கு வந்த 1054 பெண்கள். ஒரு குழுவுக்குப் பழைய முறைப்படி 0.25 சதவீத புபிவகெயின், மற்ற இரண்டு குழுக்களுக்கு 0.1 சதவீத புபிவகெயினோடு ஃபென்டனில் என்ற வலி மருந்தைச் சேர்த்த நீர்த்த கலவை. மருந்து ஒன்றுதான், பெயர் மாறவே இல்லை. பழைய முறையில் 100-க்கு 35 பேருக்குத்தான் ஆயுதமோ சிசேரியனோ இல்லாமல் பிரசவம் ஆனது, நீர்த்த மருந்தில் 43 பேருக்கு ஆனது. 2018-இல் வந்த, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் தொகுப்பும் இதையே வேறு விதமாகக் காட்டியது: எபிடூரலால் சிசேரியன் கூடவில்லை, ஆயுதம் போடுவது கூடியது, ஆனால் 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளை மட்டும் எடுத்தால் அந்த வித்தியாசமும் தெரியவில்லை. நீண்ட கால முதுகு வலி எபிடூரலால் கூடுவதில்லை என்றும் அதே தொகுப்பு சொல்கிறது. அந்த அம்மாவிடம் இதைத்தான் சொன்னேன். ஊசி போட்ட இடம் சில நாள் தொட்டால் வலிக்கும், அது வேறு. பத்து மாதம் சுமந்து, பெற்று, பிறகு குனிந்து குனிந்து பால் கொடுக்கும் உடம்புக்கு ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் முதுகு வலி வரத்தான் செய்கிறது.

கூடக் கலக்கும் ஃபென்டனில்

மருந்தை இவ்வளவு நீர்க்கச் செய்தும் வலி அடங்குகிறது என்றால் அதற்கு ஃபென்டனில்தான் காரணம். ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராம் என்பது வழக்கமான அளவு. மரத்துப்போகச் செய்யாமல் தண்டுவடத்திலேயே வலியின் செய்தியைக் குறைக்கும். இதற்குக் கொடுக்கும் விலை, அரிப்பு. மூக்கு நுனியும் மார்பும் அரிக்கும், பெரும்பாலும் தானே அடங்கும், அதை அலர்ஜி என்று நினைத்துப் பயந்துவிடாதீர்கள், ஆனால் நர்ஸிடம் சொல்லுங்கள்.

நம் ஊரில் இதைத் தனியாகக் கேட்டாக வேண்டும். ஃபென்டனில் போதைப் பொருள் சட்டத்தின் கீழ் வருவது, அதை வாங்கி வைக்க உரிமமும் பதிவேடும் தேவை. 2014-இல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் போன்ற அத்தியாவசிய வலி மருந்துகளுக்கான அனுமதியை எளிதாக்கினார்கள். ஆனாலும் சின்ன நர்சிங் ஹோம்களில் பலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று வைத்துக்கொள்வதில்லை. ஃபென்டனில் இல்லையென்றால் அதே அளவு வலி குறைய மரப்பு மருந்தின் சதவீதத்தைக் கூட்டியாக வேண்டும், கூட்டினால் கால் கனக்கும். எனவே "இங்கே எபிடூரல் உண்டா" என்பதோடு நிறுத்தாமல், "கூட ஃபென்டனில் கலப்பீர்களா" என்றும் கேளுங்கள்.

லிக்னோகெயினும் குளோரோபுரோகெயினும் எங்கே வருகின்றன

லிக்னோகெயின் எல்லோருக்கும் தெரிந்ததுதான், பல் பிடுங்கப் போடுவது, தையலுக்குப் போடுவது. வேகமாக வேலை செய்யும், ஒரு மணி நேரம், ஒன்றரை மணி நேரத்தில் விட்டுவிடும். பிரசவ வலிக்குத் தொடர்ந்து கொடுக்க இது ஏற்றதல்ல. திரும்பத் திரும்பப் போடும்போது வீரியம் குறைந்துகொண்டே போகும், காலையும் அதிகமாக மரக்கச் செய்யும். புபிவகெயின் ரத்தத்தில் உள்ள புரதத்தோடு 95 சதவீதம் ஒட்டிக்கொள்வதால் குழந்தையை எட்டுவது அம்மாவின் ரத்தத்தில் இருக்கும் அளவில் மூன்றில் ஒரு பங்கு போலத்தான் இருக்கும், லிக்னோகெயினோ பாதிக்கும் மேல் எட்டும். குழந்தை மூச்சுக்குத் திணறும் நிலையில் அதன் ரத்தத்தில் அமிலம் கூடியிருந்தால் இன்னும் அதிகமாக அங்கே தேங்கும்.

இருந்தாலும் லிக்னோகெயின் இல்லாமல் எபிடூரல் இல்லை. முதலில் தோலை மரக்கச் செய்வது அதுதான். டியூப் வைத்ததும் போடும் சோதனை அளவும் பெரும்பாலும் அதுதான்: 1.5 சதவீத லிக்னோகெயின் 3 மில்லி, அதில் 15 மைக்ரோகிராம் அட்ரினலின். டியூப் ரத்தக் குழாய்க்குள் போயிருந்தால் ஒரு நிமிடத்துக்குள் நெஞ்சு படபடக்கும், உறைக்குள் போயிருந்தால் சில நிமிடங்களில் கால் சட்டென்று கனத்துவிடும். அந்த ஐந்து நிமிடம் டாக்டர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு "ஏதாவது மாதிரி இருக்காம்மா" என்று கேட்டுக்கொண்டிருப்பார், சும்மா சமாதானத்துக்குத் தலையாட்டாமல் உள்ளதைச் சொல்லுங்கள்.

குளோரோபுரோகெயின் வேறு குடும்பம். அமெரிக்காவில் அதிகம் புழங்குகிறது. 3 சதவீதத்தில் போட்டால் சில நிமிடங்களில் வேலை செய்யும், அதனால் எபிடூரல் டியூப் ஏற்கெனவே இருக்கிற பெண்ணுக்கு அவசர சிசேரியன் என்றால் அதைத் தேடுவார்கள். ரத்தத்தில் இருக்கும் ஒரு நொதி அதை நிமிடத்துக்குள் உடைத்துவிடுவதால் குழந்தைக்குப் போவது மிகக் குறைவு. அரை மணி, முக்கால் மணி நேரத்தில் விட்டுவிடும் என்பதாலும், பின்னால் கொடுக்கும் ஃபென்டனில், மார்ஃபினின் பலனைக் குறைப்பதாலும் வலி நிவாரணத்துக்கு யாரும் தொடர்ந்து பயன்படுத்துவதில்லை. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அந்த நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது ஆரிய வைசியச் சமூகத்தில் மற்றவர்களைவிட அதிகம், அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2006-இல் வெளியிட்டது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷனுக்குப் பிறகு மயக்கம் தெளிந்தும் மூச்சுவிட முடியாமல் மெஷினில் வைத்தார்கள் என்ற கதை இருந்தால், எந்தச் சமூகமானாலும் மயக்க மருந்து டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். சிசேரியனுக்கு முழு மயக்கம் தேவைப்பட்டால் போடும் தசை தளர்த்தும் மருந்து ஒன்றையும் அதே நொதிதான் உடைக்கிறது.

கலக்கும்போது

இது டியூட்டி டாக்டர்களுக்கு. 50 மில்லி சிரிஞ்சில் 0.1 சதவீத புபிவகெயினும் ஒரு மில்லிக்கு 2 மைக்ரோகிராம் ஃபென்டனிலும் வேண்டும் என்றால், 0.5 சதவீத புபிவகெயின் 10 மில்லி, மில்லிக்கு 50 மைக்ரோகிராம் உள்ள ஃபென்டனில் 2 மில்லி, சலைன் 38 மில்லி. மொத்தம் 50 மில்லிகிராம், 100 மைக்ரோகிராம். சிரிஞ்சில் மருந்து, சதவீதம், நேரம், எபிடூரல் என்ற சொல் நான்கும் எழுதி ஒட்டாமல் கையை விட்டுக் கீழே வைக்காதீர்கள். ஹெவி என்று எழுதிய 4 மில்லி ஆம்பூல், தண்டுவட உறைக்குள் போடும் ஸ்பைனல் ஊசிக்கானது, சர்க்கரை கலந்தது, எபிடூரலுக்கு வயலில் வரும் சாதா மருந்துதான். ரத்தப்போக்கை நிறுத்தும் டிரனெக்ஸாமிக் அமில ஆம்பூல், பார்க்க அந்த ஸ்பைனல் ஆம்பூல் போலவே இருக்கும், மாற்றிப் போட்டு உயிர்கள் போயிருக்கின்றன, 2022-இல் உலக சுகாதார நிறுவனமே இதற்கென்று எச்சரிக்கை வெளியிட்டது. இரண்டையும் ஒரே டிரேயில் வைப்பதை நான் எங்கே பார்த்தாலும் எடுத்து மாற்றிவிட்டுத்தான் அடுத்த வேலை.

எந்த முறையில் கொடுக்கிறார்கள்

பம்பில் மணிக்கு 8 முதல் 12 மில்லி வரை தொடர்ந்து சொட்டவிடுவது பழைய வழி. இப்போது, 45 நிமிடத்துக்கோ ஒரு மணி நேரத்துக்கோ ஒரு தடவை 8, 10 மில்லியைச் சற்று வேகத்தோடு மொத்தமாகத் தள்ளும் பம்புகள் வந்திருக்கின்றன, மெதுவாகச் சொட்டும்போது ஓர் இடத்திலேயே தங்கும் மருந்து இதில் பரவலாகப் போய்ச் சேர்கிறது, மொத்த மருந்தும் குறைகிறது, காலும் இலேசாக இருக்கிறது. வலி வந்தால் நீங்களே அழுத்திக்கொள்ளும் பொத்தானும் உண்டு, குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் இரண்டாம் தடவை அழுத்தினால் போகாதபடி பூட்டு இருக்கும். அந்தப் பொத்தானை உங்களைத் தவிர வேறு யாரும் அழுத்தக் கூடாது, பாவம் பார்த்து அம்மாகூட அழுத்தக் கூடாது. பம்பே இல்லாத மருத்துவமனையில் டாக்டரோ பயிற்சி பெற்ற நர்ஸோ தேவைப்படும்போது கையால் போடுவார்கள். அதுவும் நல்ல முறைதான், ஆனால் கூப்பிட்டால் வர ஆள் வேண்டும். "ராத்திரி இரண்டு மணிக்கு மயக்க மருந்து டாக்டர் கட்டிடத்துக்குள்ளேயே இருப்பாரா" என்ற கேள்விக்கு வரும் பதில், புபிவகெயினா ரோபிவகெயினா என்பதைவிட எனக்கு முக்கியம்.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள், 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் கையிருப்பில் இருக்கிறதா என்று. மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகமாகிவிட்டால் அதற்கான முறிவு மருந்து இதுதான், ஒரு கிலோ எடைக்கு 1.5 மில்லி, 60 கிலோ பெண்ணுக்கு 90 மில்லி முதல் தவணை. பால் போல வெள்ளையாக இருக்கும் கொழுப்புக் கரைசல். 1998-இல் எலிகளில் கண்டுபிடித்து, 2006-இல்தான் மனிதரிடம் பலனளித்ததாக முதல் அறிக்கை வந்தது. கேட்டவுடன் "அந்தப் பெட்டியில் இருக்கு" என்று கை காட்டுகிற இடம் நல்ல இடம்.

நீங்கள் சொல்ல வேண்டியவை

முன்கூட்டியே: ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் எண்ணிக்கை, முக்கியமாக பிபி கூடியிருந்தால். 70,000-க்கும் கீழே போனால் பெரும்பாலான டாக்டர்கள் தயங்குவார்கள். ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் எனாக்ஸபாரின் போன்ற ஹெப்பாரின் வகை ஊசி போட்டுக்கொள்கிறீர்கள் என்றால் கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்பது வேண்டும், சாதாரணத் தடுப்பு அளவுக்கு 12 மணி நேரம், சிகிச்சை அளவுக்கு 24 மணி நேரம் இடைவெளி தேவை, எனவே வலி ஆரம்பிப்பதுபோல் தோன்றினாலே அடுத்த ஊசியைப் போடாமல் டாக்டருக்கு போன் செய்யுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் எடுப்பவர்களுக்கு எபிடூரலுக்குத் தடை இல்லை. பல் டாக்டரிடம் ஊசி போட்டபோது படபடப்பு வந்து "எனக்கு அலர்ஜி" என்று எழுதிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர், பெரும்பாலும் அது அட்ரினலினால் வந்த படபடப்பு, இந்த மருந்துகளுக்கு உண்மையான அலர்ஜி மிக அபூர்வம், ஆனாலும் அன்று என்ன நடந்தது என்று விவரமாகச் சொல்லுங்கள்.

போட்ட பிறகு: 0.1 சதவீத மருந்து முழுதாகப் பிடிக்க 15, 20 நிமிடம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டியிருக்கும். முதல் 15 நிமிடம் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை பிபி பார்ப்பார்கள், மல்லாந்து படுக்காமல் இடது பக்கம் சாய்ந்து படுங்கள். காதுக்குள் ரீங்காரம், வாயில் இரும்புச் சுவை, நாக்கும் உதடும் மரப்பது, தலை சுற்றல், இதில் எது வந்தாலும் அந்த நொடியே சொல்லுங்கள், அது மருந்து ரத்தத்துக்குள் போவதன் முதல் அறிகுறி. ஒரு பக்கம் மட்டும் வலி நிற்கவில்லை என்றாலும் சொல்லுங்கள், டியூபைக் கொஞ்சம் வெளியே இழுத்தோ, மருந்து கூட்டியோ சரி செய்யலாம், சரியாகாவிட்டால் புதிதாகப் போடலாம். பிரிட்டன் மயக்கவியல் மருத்துவர்கள் தாய்மார்களுக்குக் கொடுக்கும் தகவல் அட்டையிலேயே, 8 பேரில் ஒருவருக்கு எபிடூரல் போதுமான அளவு வேலை செய்வதில்லை, 100-க்கு ஒருவருக்குக் கடுமையான தலைவலி வருகிறது என்று வெளிப்படையாகப் போட்டிருக்கிறார்கள். எல்லோரும் இதைச் சொல்லித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

கால் எப்படி இருக்கிறது என்று நீங்களே சோதிக்கலாம். முழங்காலை மடக்காமல் காலைப் படுக்கையிலிருந்து தூக்குங்கள். தூக்க முடிந்தால் மருந்தின் அளவு நன்றாக இருக்கிறது. முழங்காலை மடக்கக்கூட முடியவில்லை என்றால் அளவு கூடியிருக்கிறது, டாக்டரைக் கூப்பிடுங்கள், பம்பைக் குறைக்கவோ சற்று நேரம் நிறுத்தவோ செய்வார்.

சிசேரியன் ஆகிவிட்டால்

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், எனவே இதையும் யோசித்து வைக்க வேண்டும். நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் எபிடூரல் டியூப் இருந்தால் புதிதாக ஊசி தேவையில்லை, அதே வழியில் கெட்டியான மருந்து போடலாம். இங்கேதான் மருந்தின் பெயர் நிஜமாகவே முக்கியமாகிறது. அட்ரினலின் கலந்த 2 சதவீத லிக்னோகெயின் 15, 20 மில்லி, அதில் கொஞ்சம் சோடியம் பைகார்பனேட் சேர்த்தால் இன்னும் சீக்கிரம் பிடிக்கும். நேரம் இருந்தால் 0.75 சதவீத ரோபிவகெயினோ 0.5 சதவீத லெவோபுபிவகெயினோ போடலாம், மெதுவாகப் பிடித்தாலும் நீண்ட நேரம் நிற்கும். இந்தப் பெரிய அளவுக்குச் சாதா புபிவகெயினை நான் விரும்புவதில்லை, இதயம் பற்றிய அந்தப் பழைய பயம் இங்கே நியாயமானது. வலி நிவாரணத்துக்குத் தொப்புள் வரை மரத்தால் போதும், சிசேரியனுக்கு மார்பு வரை மரக்க வேண்டும், கத்தி வைப்பதற்கு முன் ஸ்பிரிட் பஞ்சால் தொட்டு "ஜில்லென்று தெரியுதா" என்று கேட்பார்கள், தெரிந்தால் தெரிகிறது என்றே சொல்லுங்கள். பிரசவ வலியின்போதே சரியாக வேலை செய்யாத எபிடூரல் தியேட்டரில் திடீரென்று வேலை செய்யாது, அதனால்தான் வலி நிற்கவில்லை என்றால் வார்டிலேயே சொல்லச் சொல்கிறேன்.

பிரசவம் முடிந்து டியூபை எடுத்த பிறகு, நீர்த்த மருந்து என்றால் இரண்டு மணி நேரத்துக்குள் கால் பழையபடி வந்துவிடும், சிசேரியனுக்குக் கூடுதலாகப் போட்டிருந்தால் இன்னும் நேரமாகும். முதல் தடவை எழுந்திருக்கும்போது காலைத் தூக்கிப் பார்த்து, முழங்காலை மடக்கிப் பார்த்து, ஒரு பக்கம் நர்ஸையும் ஒரு பக்கம் வீட்டு ஆளையும் பிடித்துக்கொண்டு எழுந்திருங்கள், பாத்ரூமுக்குத் தனியாகப் போக வேண்டாம். ஆறு மணி நேரத்துக்குள் சிறுநீர் போக வேண்டும். கடைசி மருந்து போட்டு நான்கு மணி நேரம் ஆகியும் காலை நேராகத் தூக்க முடியவில்லை என்றால், "மருந்து இன்னும் விடலை, தூங்கு" என்று யார் சொன்னாலும் கேட்காமல், மயக்க மருந்து டாக்டரை நேரில் வந்து பார்க்கச் சொல்லுங்கள்.